9 வயதில் முழுநேர நீச்சல் பயிற்சி: பாட்டி போட்ட டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: மகளுக்கு 9 வயது, நவம்பரில் பிறந்தவள். கோடை முகாமில் நீச்சல் கற்றாள். வருடம் முழுக்கப் போட்டிப் பயிற்சிக்கு விடச் சொல்கிறார் கோச். வாரம் 6 நாள், தினம் 2 மணி நேரம், மாதம் ரூ.4,500. வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் 10% தள்ளுபடி. மாதம் நான்கு ஞாயிறும் விடாமல் மதுரைக்குக் காரில் அழைத்துப்போய் 50 மீட்டர் குளத்தில் பழக்க வேண்டுமாம். எங்கள் இருவர் சம்பளம் ரூ.62,000, எல்லாம் போக ரூ.6,000 மிஞ்சும். என் அம்மா பேத்தி பெயரில் போட்ட ரூ.2 லட்சம் டெபாசிட்டை உடைக்கலாமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: உடைக்காதீர்கள். முதிர்வுக்கு முன் எடுத்தால் வட்டி குறையும் என்பது சின்ன விஷயம். முழுச் செலவையும் அதிலிருந்தே எடுத்தால் அந்தப் பணம் ஒன்றரை வருடத்தில் கரைந்துவிடும். பயிற்சியோ அதற்குப் பிறகும் ஓடும்.

கோச் சொன்னது கட்டணம் மட்டும்தான். வருடத்துக்கு அது ரூ.54,000. மதுரைக்குப் போய்வர சுமார் 180 கி.மீ.; பெட்ரோலுக்குத் தடவைக்கு ரூ.1,000 வைத்தால் வருடத்துக்கு ரூ.48,000. சென்னையில் நான்கு போட்டி என்று வையுங்கள். பல்லவன் ரயிலில் இருவர் போய்வந்து, இரண்டு இரவு அறை எடுத்து, சாப்பாடும் சேர்ந்தால் தடவைக்கு ரூ.6,000, ஆக ரூ.24,000. நீச்சலுடை, கண்ணாடி, தொப்பி, துடுப்புக்கு ரூ.10,000, குளோரின் தண்ணீரில் நீச்சலுடை சீக்கிரம் தளர்ந்துவிடும். மொத்தம் ரூ.1,36,000. மாதம் ரூ.11,300 தேவை, கையில் மிஞ்சுவது ரூ.6,000.

தள்ளுபடியில் மயங்க வேண்டாம். மிச்சம் ரூ.5,400தான். ஐப்பசி மழையில் காய்ச்சல், காது வலி என்று நாலாவது மாதம் குழந்தை நின்றுவிட்டால், கட்டிய ரூ.48,600-ல் பயன்பட்டது ரூ.18,000. மீதி ரூ.30,600 போனதுதான். மாதாமாதமே கட்டுங்கள்.

இனி வயது. வாரப் பயிற்சி மணி நேரம் குழந்தையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு. உங்கள் மகளுக்கு 9. கோச் கேட்பது 12. தோள்பட்டை வலி இப்படித்தான் தொடங்கும். போட்டிகளில் வயதை டிசம்பர் 31 நிலவரப்படி கணக்கிடுவார்கள். நவம்பரில் பிறந்த பெண் கிட்டத்தட்ட 11 மாதம் மூத்த பிள்ளைகளோடு நீந்துவாள். இப்போது பின்தங்கினால் திறமை இல்லை என்று அர்த்தமில்லை. அந்த இடைவெளி வளர வளரக் குறையும்.

ஆகவே 11 வயது வரை வாரம் 3 நாள் போதும், ஒவ்வொன்றும் ஒன்றரை மணிக்கு மேல் வேண்டாம். உள்ளூரில் மாதம் ரூ.2,000-க்குள் பேசுங்கள். அத்துடன் ரூ.3,000-க்கு 24 மாதத் தொடர் வைப்பு தொடங்குங்கள். 6.5% வட்டியில் முடிவில் சுமார் ரூ.77,000 வரும். அப்போது முழுப் பயிற்சிக்கு மாறினால் மாதக் கட்டணம் சம்பளத்திலிருந்து. பயணம், போட்டி, உடை இந்த ரூ.77,000-லிருந்து. முதல் வருடத்தில் ரூ.5,000 போலத்தான் துண்டு விழும். இரண்டாம் வருடத்துக்குச் சம்பள உயர்வு வேண்டும்; மதுரை ஞாயிறுகளைப் பாதியாக்குவது மட்டும் போதாது.

மாறுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். நிற்காமல் 200 மீட்டர் நீந்துகிறாளா? மார்பு நீச்சலில் திரும்பும்போது இரு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொடுகின்றனவா? (ஒரு கை பிந்தினாலே போட்டியில் தகுதி நீக்கம்.) காலை ஐந்தரைக்கு நீங்கள் எழுப்பாமல் தானே எழுகிறாளா? மூன்றாவதுக்கு நான் அதிக மதிப்பெண் தருவேன்.

மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருந்தால், இதற்காக அதைத் தொடவே முடியாது. 18 வயதானாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம், விளையாட்டுக்கு இல்லை. கோச்சிங் கட்டணத்துக்கு வருமான வரிச் சலுகையும் கிடையாது. பாட்டி போட்ட டெபாசிட்டின் வட்டி, உங்கள் இருவரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும்; வருமான வரி தாக்கலில் அதை விட்டுவிடாதீர்கள். மகள் போட்டியில் பரிசுப் பணம் வென்றால் அது அப்படிச் சேராது, சொந்தத் திறமையால் வந்த வருமானம் என்பதால்.