ராட்சத மட்டிக்கு முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, பழையகாயல் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் இறால் குட்டை. நோய் வந்தபின் மூன்று வருஷமாகச் சும்மா கிடக்கிறது. ‘ஜியோடக்’ என்ற ராட்சத மட்டிக் குஞ்சு ஒன்று 40 ரூபாய், பத்து தாய் மட்டியும் சேர்த்துத் தருகிறேன், பதினெட்டு மாதத்தில் கிலோ எடை வரும் என்கிறார் ஓர் ஏஜென்ட். முன்பணம் 50,000 கேட்கிறார். எத்தனை அடி மணல் போட வேண்டும்? என்ன தீவனம்?

பதில்: அண்ணாச்சி, ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மணல் மூன்றடி வேண்டும். தீவனம் கிடையாது, நீரில் மிதக்கும் நுண்பாசியை வடித்துத் தின்னும். ஆனால் அது உங்கள் குட்டையில் பிழைக்காது.

அமெரிக்காவில் இந்த ஜியோடக்கைக் ‘கூயிடக்’ என்பார்கள். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், பெரும்பாலும் 8 முதல் 15 டிகிரி குளிர்ந்த நீரில் வாழ்வது. மன்னார் வளைகுடா நீர் மார்கழியிலும் அவ்வளவு குளிராது. சித்திரையில் இடுப்பளவுக் குட்டை எப்படிக் கொதிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அங்கே கடலோர மணலில் குழாய் நட்டு, குழாய்க்கு மூன்று நான்கு குஞ்சு விட்டு, வலை போட்டு வளர்ப்பவர்களே ஐந்து முதல் ஏழு வருஷம் காத்திருக்கிறார்கள். 160 ஆண்டு தாண்டியும் வாழும் உயிர் அது. பதினெட்டு மாதக் கதை அதற்குப் பொருந்தாது.

‘தாய் மட்டி’ பேச்சு அதைவிட மோசம். குஞ்சில் சதைக் காலால் தோண்டி மண்ணுக்குள் இறங்கும். வளர வளர கால் சூம்பிவிடும். வெளியே எடுத்த பெரிய மட்டி மறுபடி தோண்டி இறங்காது. யானைத் துதிக்கை போன்ற அதன் நீர்க்குழல் ஓட்டுக்குள் அடங்காது, ஓடும் முழுசாக மூடாது. குட்டையில் போட்டால் நண்டுக்கு விருந்துதான். வெளிநாட்டு உயிரினத்தை மத்திய அரசின் அனுமதியில்லாமல் இறக்கவும் கூடாது. இதையெல்லாம் மறைத்து விற்பவர் செய்வது வியாபாரமல்ல, ஏமாற்று.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது: தாமிரபரணிக் கழிமுகத்து நீரில் நம்மூர் மட்டி எந்த மாதம் உயிரோடிருக்கும்? மட்டி வளர்ப்பில் பலர் தோற்பது குஞ்சால் அல்ல, நீரின் உப்பு மாறுவதால். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு பெருகினால் முகத்துவாரம் நன்னீராகும். மட்டி சில நாள் ஓட்டை இறுக்கித் தாக்குப்பிடிக்கும்; வெள்ளம் நீடித்தால் வாய் பிளந்துவிடும். அதனால் தை பிறந்து, உப்பு ஏறியபின் விதைத்து, ஐப்பசிக்குள் எடுத்துவிட வேண்டும்.

விதைக்கும் முன் ஒரு வருஷம் உப்பு அளந்து எழுதுங்கள். கைக்கு அடக்கமான ரிஃப்ராக்டோமீட்டர் என்ற உப்பளக்கும் கருவி போதும். ஒவ்வொரு முறையும் பேட்டரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த நீர், அமிலம் அல்ல) ஒரு சொட்டு விட்டுப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். மேல்நீரை மொண்டு அளப்பது வீண். நன்னீர் மேலே மிதக்கும், உப்புநீர் அடியில் கிடக்கும், மட்டி இருப்பதும் அடியில்தான். கண்ணாடிப் பாட்டிலில் கல் கட்டி, தக்கையில் தனிக் கயிறு போட்டு, மூடியபடியே இறக்குங்கள். அடி தட்டியதும் தக்கையைச் சுண்டி இழுங்கள். காற்றுக் குமிழி நின்றதும் தூக்குங்கள். வாரம் இருமுறை, ஏற்றத்தில் ஒன்று, வற்றத்தில் ஒன்று. மழை நாளில் தினமும்.

தேங்கிய குட்டை மட்டிக்கு ஆகாது. நீர் ஓடாவிட்டால் இருக்கிற பாசியைச் சில நாளில் வடித்துவிட்டுப் பட்டினி கிடக்கும். அதற்குத்தான் பாசிப் பவுடர், நுண்ணுயிர்ப் பாட்டில் என்று கடைக்காரர்கள் தலையில் கட்டுவார்கள், வாங்காதீர்கள். குட்டையின் அடிமண்ணை ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அங்கே மட்டி விடவே கூடாது.

அதற்குப் பதில், ஓடையில் மணல் கலந்த இடத்தில் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் இறக்கி, நம்மூர் மட்டி நூறு புதைத்து, நண்டும் திருக்கையும் தொடாமல் மேலே வலை கட்டுங்கள். முதலில் மீன்வளத் துறையில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை வாய் பிளந்ததை எண்ணி, உப்புக் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த நோட்டோடு தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்துக்குப் போங்கள். குஞ்சு எவ்வளவு, எப்போது என்பதை அங்கே பேசலாம்.