பினாயில் ஊற்றியும் பாம்பு வருகிறதே?

கேள்வி: ஒரே மாதத்தில் இரண்டு முறை கொல்லைப்புறத்தில் பாம்பைப் பார்த்துவிட்டோம். சுற்றிலும் பினாயில் ஊற்றினோம், பூண்டு நசுக்கிப் போட்டோம், அந்துருண்டையும் வைத்தோம். பலனில்லை. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த அந்துருண்டைகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். கந்தகத்தையும் அந்துருண்டையையும் சோதித்துப் பார்த்தாயிற்று. பாம்புகள் பொருட்படுத்தவே இல்லை. ஆனால் குழந்தை ஒன்றை எடுத்து விழுங்கினால் அது நிஜமான ஆபத்து. பினாயிலும் பூண்டும் நம் மூக்கைத்தான் படுத்தும். அவற்றை நம்பிப் பாம்பைத் தடுக்க முடியாது.

பாம்பு உங்களைத் தேடி வரவில்லை. நாக்கை நீட்டி இழுத்து, எலி போன தடத்தை முகர்ந்துகொண்டு வருகிறது. ஆகவே எலியைப் பாருங்கள். கோழித்தீவனம், பறவைக்கு இறைத்த தானியம், நாய் மிச்சம் வைத்த சோறு, மூடாத குப்பைத்தொட்டி, இதில் ஏதோ ஒன்று அங்கே இருக்கும். தீவனத்தை மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். எலி விஷம் வேண்டாம், பொறி போதும். குழந்தை இருக்கிற வீடு. சொட்டுகிற குழாயையும் சரிசெய்யுங்கள். ஈரம் இருந்தால் தவளை வரும், அதன் பின்னால் பாம்பும் வரும்.

அப்புறம் ஒளிவிடம். விறகு, செங்கல், பழைய ஓடு எதையும் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். தள்ளி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வையுங்கள். புல்லைக் கட்டையாக வெட்டுங்கள். கூரையைத் தொடும் கிளை இருந்தால் அதையும்.

வீட்டுக்குள் வராமல் தடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குட்டிப் பாம்புக்குப் பென்சில் நுழையும் இடைவெளி போதும். இரவில் உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு வெளியே நின்று பாருங்கள்: கதவின் அடியில் வெளிச்சம் கசிகிறதா? அங்கே ரப்பர் பட்டை வையுங்கள். கழிவுநீர்க் குழாயின் வாய், காற்றுத் துளை ஆகியவற்றுக்கு 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலை. நைலான் வலை வேண்டவே வேண்டாம், பாம்பு அதில் சிக்கிக்கொள்ளும். எடுத்துவிடப் போய் நாம் கடி வாங்குவோம். வேலி போடுவதென்றால் இதே கம்பி வலையை 15 சென்டிமீட்டர் மண்ணில் புதைத்து, 90 சென்டிமீட்டர் உயரத்துக்கு, வெளிப்பக்கம் சாய்த்து நிறுத்துங்கள். கேட்டுக்கு அடியில் சந்து விட்டால் செலவு வீண். முற்றம் முழுக்க வேண்டாம், குழந்தை விளையாடும் இடத்துக்கு மட்டும் போதும்.

மறுபடி பார்த்தால் அடிக்கப் போகாதீர்கள். அடிக்கவோ பிடிக்கவோ போய்க் கடிபட்டவர்கள் ஏராளம். வெளியே இருந்தால் வழிவிடுங்கள், போய்விடும். வீட்டுக்குள் என்றால் எல்லோரையும் வெளியேற்றி, அந்த அறைக் கதவைச் சாத்தி, அடிச்சந்தில் துணியைத் திணித்துவிட்டு, பயிற்சி பெற்ற பாம்புபிடிப்பவரைக் கூப்பிடுங்கள்.

கடித்துவிட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், உறிஞ்சாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். வலியோ வீக்கமோ இல்லையென்று காத்திருக்கக் கூடாது.