டாஃப்னேயின் தந்தை எந்த நதி?

கேள்வி: பள்ளி மாணவர்களுக்காகக் கிரேக்கத் தொன்மங்களுக்கு ஒரு பெயரகராதி தொகுத்து வருகிறேன். டாஃப்னே என்ற வனதேவதையின் தந்தை பெனேயஸ் என்ற நதித் தெய்வம் என்கிறது ஒரு நூல்; லாதோன் என்ற நதித் தெய்வம் என்கிறது மற்றொன்று. அசோப்பஸ் என்ற நதித் தெய்வத்தின் மகள்களைப் பற்றியும் இதே குழப்பம். எதைச் சரியென்று கொள்வது?

பதில்: இரண்டையும் பதிவு செய்யுங்கள், ஆனால் அந்த நதி எங்கே ஓடுகிறது, செய்தியைச் சொன்னவர் யார் என்பதைப் பெயருக்கு அருகிலேயே குறித்துவிடுங்கள். கடல் தெய்வங்களான ஓசியானஸுக்கும் டெத்திஸுக்கும் பிறந்த நதிகள் 3,000 என்று கூறும் பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹெஸியட், அவற்றில் 25 பெயர்களை மட்டும் சொல்லிவிட்டு, மற்றவற்றை அந்தந்தக் கரையில் வாழ்பவர்களே அறிவார்கள் என்று நிறுத்திக்கொள்கிறார். நதித் தெய்வங்களைப் பற்றிய எந்தத் தகவலையும் இந்த வரியை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ரோமானியக் கவிஞர் ஓவிட் பாடும் டாஃப்னே, வட கிரேக்கத்தின் தெஸ்ஸலியில் ஓடும் பெனேயஸின் மகள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தின் பல பகுதிகளைச் சுற்றிவந்து எழுதிய பவுசானியாஸோ, தென் கிரேக்கத்தின் ஆர்க்கேடியாவில் ஓடும் லாதோன் கரையில் அவள் கதையைச் சொல்கிறார். சிரியாவில் ஒரோண்டஸ் கரையினர் சொல்லும் கதை வேறு என்றும் குறிப்பிடுகிறார். அவர் தரும் கதையில் லூக்கிப்பஸ் என்ற இளைஞன் வருகிறான். ஆல்ஃபியஸ் நதிக்குக் காணிக்கையாக்க வளர்த்த முடியைப் பெண்களைப் போலப் பின்னிக்கொண்டு, டாஃப்னேயின் தோழியாக நடித்து, இறுதியில் அவள் கூட்டத்தாராலேயே கொல்லப்படுகிறான். ஓவிட்டின் கதையில் இடம்பெறாத இவனுக்குத் தனிப் பதிவு கொடுங்கள். இத்தகைய சிறு பாத்திரங்களே உங்கள் அகராதிக்கு உயிர் தருவார்கள்.

அசோப்பஸ் என்ற பெயரில் பல நதிகள் உண்டு; இந்தக் குழப்பத்துக்குக் காரணம் அவற்றில் இரண்டு: ஒன்று தென் கிரேக்கத் தீபகற்பமான பெலொப்பொனீஸில் ஃப்ளியஸ், சிசியோன் நகரங்களின் வழியாக ஓடுவது, மற்றொன்று தீப்ஸ் நகரம் அமைந்த போயோட்டியாவில் ஓடுவது. கோர்சைரா, ஏஜினா, தீபே ஆகிய மூவரும் தங்கள் அசோப்பஸின் மகள்கள் என்று ஃப்ளியஸ் மக்கள் உரிமை கொண்டாட, தீபே போயோட்டிய நதியின் மகளே என்று தீப்ஸ் நகரத்தார் மறுத்தார்கள். ஊரின் பெயருக்கே மூலமான பெண்ணை அண்டை ஊர் நதிக்கு விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆகவே அசோப்பஸுக்கு இரண்டு பதிவுகள் தேவை. தீபேயின் பெயர் இரண்டிலும் வர வேண்டும்.

இதற்கு நேர்மாறானது டிராய் நகரத்து நதி. மனிதர் ஸ்காமாண்டர் என்றும் தெய்வங்கள் சாந்தஸ் என்றும் அழைக்கும் நதி ஒன்றே என்று ஹோமர் தெளிவாகச் சொல்வதால், அதற்கு ஒரே பதிவு போதும். ஆனால் இன்றைய துருக்கியின் தென்மேற்கிலுள்ள லிசியாவில் ஓடும் சாந்தஸ் வேறு நதி. டிராய்ப் போர் வீரன் அக்கிலீஸின் குதிரைக்கும் அதே பெயர். அவ்விரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள்.