ஓப்பன் பேப்பரில் வரும் லெவின் காரை வாங்கலாமா?

கேள்வி: கிளிநொச்சியில் வேலை செய்கிறேன், வயது 26. வவுனியாவில் 1992ஆம் ஆண்டு டொயோட்டா கொரொல்லா லெவின் கூப்பே ஒன்று சந்தை விலையைவிட நன்றாகக் குறைந்து வருகிறது. பதிவுப் புத்தகத்தில் வெள்ளை நிறம், 1,498 சீசீ என்று இருக்கிறது. கார் இப்போது சிவப்பு. உள்ளே 20 வால்வ் சில்வர் டொப் எஞ்சின். பதிவு உரிமையாளர் கம்பஹாவில் இருக்கிறாராம், இடையில் இரண்டு கை மாறியிருக்கிறது. ஓப்பன் பேப்பர் கையில் உண்டு, பயமில்லை என்கிறார் விற்பவர். ஒரு லட்சம் ரூபாய் முற்பணமாக அவருடைய வங்கிக் கணக்கில் போட்டுவிட்டேன். வாங்கியதும் காரைத் தாழ்த்தி, சைலன்சரை மாற்றி, கண்ணாடிகளுக்குக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்ட நினைக்கிறேன். சட்டச் சிக்கல் வருமா?

பதில்: தம்பி, நீங்கள் கேட்டது சைலன்சரையும் ஸ்டிக்கரையும். அவை கடைசியில் பார்க்க வேண்டியவை. அந்த விலை ஏன் அவ்வளவு இறங்கியது என்பதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ஓப்பன் பேப்பர், புத்தகத்தில் இல்லாத எஞ்சின்.

முதலில் ஓப்பன் பேப்பர். பதிவு உரிமையாளர் எம்.ரீ.ஏ. 6 படிவத்தில் கையெழுத்து வைத்து, வாங்குபவர் பெயரையும் திகதியையும் வெறுமையாக விட்டுக் கொடுப்பார். அது கை மாறி மாறிப் போகும். வன்னியில் இந்தப் பழக்கம் வேரூன்றியதற்குக் காரணமும் உண்டு. போர்க் காலத்தில் ஏ9 வீதி மூடித் திறந்த நாட்களில் ஒரு கையெழுத்துக்காகக் கொழும்பில் பதிவு அலுவலகம் இருக்கும் நாரஹேன்பிட்டவுக்கு யார் போய் வந்திருப்பார்கள்? ஆனால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஏட்டில் அந்தக் கார் இன்றைக்கும் கம்பஹாக்காரருடையதுதான். இடையில் வந்த இருவரின் பெயர் எங்கேயும் இல்லை. அவர்களுக்குள் காசுப் பிரச்சினை இருந்தாலும் தாளைப் பார்த்து நீங்கள் கண்டுபிடிக்க முடியாது.

பதிவு உரிமையாளர் காலமாகியிருந்தால் அந்தக் கையெழுத்தை வைத்து உரிமை மாற்றம் செய்வது பெரும் சிக்கல். வாரிசுகளைத் தேடிப் போக வேண்டியிருக்கும். 'அற்றோர்னித் தத்துவம் (அவர் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரம்) இருக்கிறது' என்று யாராவது சொன்னாலும் தத்துவம் கொடுத்தவர் இறந்த அன்றே அதன் உயிரும் போய்விடும். அவர் உயிரோடு இருந்து, 'புத்தகம் தொலைந்துவிட்டது' என்று பொலிஸில் முறைப்பாடு செய்து பிரதி எடுத்தால் உங்கள் கையில் இருப்பது பழைய தாள். புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கதை இன்னும் மோசம்.

புத்தகத்தில் பெயர் இருப்பது மட்டும் சொத்துரிமைக்கு முடிவான சான்று அல்ல என்பது உண்மை. 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் உங்களுக்கு விற்க முடியாது. இந்த இரண்டும் சேர்ந்தால், 'நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்' என்று நீங்கள் நீதிமன்றத்தில் நின்று நிரூபிக்க வேண்டும். அதுவரை கார் பொலிஸ் நிலைய வளவில் வெயிலில் காயும். பொலிஸ் கைப்பற்றிய வாகனத்தை யாரிடம் கொடுப்பது என்று நீதவான் தீர்மானிக்கும்போது, புத்தகத்தில் பெயர் உள்ளவரின் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதை களவாக மணல் ஏற்றிப் பிடிபட்ட டிப்பர் லொறி வழக்குகளில் நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். லெவினில் யாரும் மணல் ஏற்றப் போவதில்லை, சரி. விபத்து ஒன்று போதும்.

இப்போது எஞ்சின். 1,498 சீசீ என்றால் கொம்பனியில் வந்தது 5ஏ எஞ்சின். சில்வர் டொப் 1,587 சீசீ, 4ஏஜி வகை. யாரோ மாற்றிவிட்டுப் புத்தகத்தில் பதியவில்லை. எஞ்சின் இலக்கம், கொள்ளளவு, நிறம் எல்லாமே பதிவில் உள்ள விபரங்கள். மாற்றினால் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிய வேண்டும். எஞ்சினைப் பதிய அது எப்படி நாட்டுக்குள் வந்தது என்பதைக் காட்டும் சுங்கப் பத்திரம், வாங்கிய பற்றுச்சீட்டு, வாகனப் பரிசோதகரின் அறிக்கை எல்லாம் கேட்பார்கள். ஜப்பானிலிருந்து பாதி வெட்டிய காராக வந்து மூன்று கராஜ் தாண்டிய எஞ்சினுக்கு இந்தத் தாள்கள் கிடைப்பது அபூர்வம். விற்பவரிடம் இதைத்தான் முதலில் கேளுங்கள்.

'இவ்வளவு நாளும் ஓடித்தானே இருக்கு' என்பார். ஓடும். சாதாரணச் சோதனையில் பொலிஸார் பார்ப்பது சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி. பொனட்டைத் திறந்து எஞ்சின் இலக்கத்தைத் தேடிப் பார்ப்பது விபத்துக்குப் பிறகு வரும் பரிசோதகர். அவருடைய அறிக்கை நீதிமன்றத்துக்கும் போகும், காப்புறுதி நிறுவனத்தின் கைக்கும் போகும். மாற்றிய எஞ்சினைச் சொல்லாமல் காப்புறுதி எடுத்திருந்தால் முக்கிய தகவலை மறைத்ததாகச் சொல்லி உங்கள் கார் சேதத்துக்கான கோரிக்கையை நிராகரிக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். மூன்றாம் தரப்புக்கு அவர்கள் கட்டிய பணத்தையும் உங்களிடம் திருப்பிக் கேட்கலாம்.

காரைப் பார்க்கப் போகும்போது நல்ல மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப் போங்கள். எஞ்சின் அறையின் பின்சுவரில் அடித்திருக்கும் செசி இலக்கத்தைப் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். சுற்றிலும் வெல்டிங் தடமோ, அராவிய அடையாளமோ இருந்தால் அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள். 2009இல் புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம் விடப்பட்டு எரிந்த வாகனங்கள் எத்தனை, தொலைந்த புத்தகங்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றின் புத்தகத்தில் இன்னொன்று ஓடுகிறதா என்ற சந்தேகம் நம் பகுதியில் கொஞ்சம் கூடவே இருக்க வேண்டும்.

நான் சொல்வது இதுதான்: எஞ்சினும் நிறமும் விற்பவரின் செலவில் புத்தகத்தில் ஏற வேண்டும். கம்பஹாக்காரர் அடையாள அட்டையோடு நேரில் வந்து உங்கள் பெயருக்கு மாற்றித்தர வேண்டும். அந்த அன்று மிச்சக் காசு. அதற்கு முடியாதென்றால் கார் வேண்டாம்.

எல்லாம் சரிவந்து வாங்கினால், பிரேக், புஷ், ஷொக் அப்சோபர், தரமான டயர் என்று போடுங்கள். அதற்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள். சத்தம் கூட்டும் சைலன்சருக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் பொலிஸ் பிடிக்கும். தாழ்த்துவது பற்றி ஒன்றுதான்: கிளிநொச்சியில் பிரதான வீதியை விட்டு உள்ளே இறங்கிய முதல் கிரவல் ஒழுங்கையே தீர்ப்புச் சொல்லிவிடும். ஏ9இல் ஊர்மனைக்கு வெளியே காருக்கு 70 கிலோமீற்றர்தான் எல்லை என்பதையும் எஞ்சின் செலவு போடுமுன் யோசியுங்கள்.

கொடுத்த ஒரு லட்சம்: எந்தக் காருக்கான முற்பணம், எஞ்சின் பதிவில் இல்லை என்பது எப்போது தெரியவந்தது என்றெல்லாம் எழுதி, பணத்தைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். வங்கிச் சீட்டையும் வட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். இந்தத் தொகைக்கு நேரே வழக்குப் போட முடியாது. முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே சட்டத்தரணிகளுக்கு இடமில்லை, ஆகவே எனக்கும் காசு தர வேண்டாம். இணக்கம் வராவிட்டால் சபை தரும் சான்றிதழோடு வாருங்கள், விற்பவர் இருக்கும் வவுனியாவில் வழக்கைத் தாக்கல் செய்யலாம்.