நேம் பிளேட்டைத் தேய்க்காதீர்கள்

போன இதழில் நான் சேகரித்து வைத்திருக்கும் பழைய வாக்குவம் கிளீனர்களின் படம் வந்ததிலிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. பெரம்பூரில் 36 வருடம் மோட்டார் காயில் கட்டிப் பிழைத்தவன் நான். இந்த மெஷின்களைப் பற்றி யாராவது கேட்டாலே மனசு நிறைந்துவிடுகிறது. இந்த இதழுக்கு ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பாட்டி வீட்டுப் பரணில் ஒரு வாக்குவம் கிளீனர் கிடைத்தது. உருளை வடிவம், அடியில் சறுக்குக் கட்டை இரண்டு. ஒரே கறுப்பாக இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் படம் அனுப்பினால், எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று சொல்வீர்களா? — வாசகி, மந்தைவெளி

அம்மா, கையில் இருக்கும் புளியை அப்படியே கீழே வையுங்கள். குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்குச் செய்யக் கூடாது. மெஷினின் அடியிலோ பின்பக்கத்திலோ தீப்பெட்டி அளவில் ஒரு தகடு இருக்கும். அதுதான் நேம் பிளேட். பல மெஷின்களில் அந்த எழுத்து ஆழமாக வெட்டியதாக இருக்காது, மேலாகப் பொறித்து உள்ளே பெயின்ட் நிரப்பியிருப்பார்கள். புளி பட்டால் பெயின்ட் போய்விடும், கூடவே மெஷினின் ஜாதகமும் போய்விடும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். எழுத்து தெரியவில்லையா? இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். அப்படியும் தெரியாவிட்டால் மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் லேசாகத் தேயுங்கள். சின்ன வயதில் காலணாவை வைத்துத் தேய்ப்போமே, அதே மாதிரி.

சறுக்குக் கட்டையோடு தரையில் படுத்திருக்கும் உருளை, எலெக்ட்ரோலக்ஸ் பிரபலமாக்கிய வடிவம். ஸ்வீடன் கம்பெனியான அவர்கள் 1921-ல் மாடல் வி என்ற மெஷினை அப்படித்தான் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் செய்ததால், வடிவத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல மாட்டேன். பிளேட்டில் ஊர் பெயரைத் தேடுங்கள். லூட்டன் என்றால் எலெக்ட்ரோலக்ஸின் இங்கிலாந்துத் தொழிற்சாலை. பெரிவேல் என்றால் ஹூவர், 1930களில் லண்டனுக்கு மேற்கே கட்டியது. லெதர்ஹெட் என்றால் காப்ளின். 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் வேலை சுலபம், அது 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது.

அடுத்து கரண்ட் விவரம். ஏசி கரண்ட் விநாடிக்கு எத்தனை முறை திசை மாறி வருகிறது என்ற கணக்கும் பிளேட்டில் இருக்கும். இங்கிலாந்து மெஷினில் அது 'சைக்கிள்ஸ்' என்று இருந்தால் பழையது. அங்கே 'ஹெர்ட்ஸ்' பரவியது 1960-க்குப் பிறகுதான். ஜெர்மன்காரர்கள் அதற்கு ரொம்ப முன்பே ஹெர்ட்ஸ் போட ஆரம்பித்துவிட்டதால் அவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

அப்புறம், நம் ஊருக்கென்றே ஒரு வழி இருக்கிறது. விற்ற கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர் எங்கேயாவது ஒரு மூலையில் இருக்கும். அதில் 'மவுண்ட் ரோடு, மெட்ராஸ்-2' என்று மொட்டையாக இருந்தால், பெரும்பாலும் 1972-க்கு முன்னால் விற்றது. பின்கோடு வந்தது அந்த வருடம் ஆகஸ்ட் 15-ல். 'மெட்ராஸ் 600 002' என்று இருந்தால் அதற்குப் பிறகு. 'சென்னை' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் 1996-க்குப் பிறகு. என்னிடம் இருக்கும் ஒரு மெஷினில் பிளேட் முழுக்கத் தேய்ந்துபோயிருந்தது. பாதி கிழிந்த ஒரு கடை ஸ்டிக்கரை வைத்துத்தான் காலம் கண்டுபிடித்தேன். அதனால் அழுக்கு ஸ்டிக்கர் என்று நகத்தால் சுரண்டிவிடாதீர்கள், அம்மா.

கேள்வி: காயலான் கடையில் 600 ரூபாய்க்கு ஒரு பழைய மெஷின் வாங்கினேன். பிளக்கில் போட்டு ஓடுகிறதா என்று பார்க்கலாமா? — வாசகர், ராயபுரம்

வேண்டாம் தம்பி. 1987-ல் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். கப்பல் சாமான் விற்கிற ஒரு கடையில் அழகான இரும்பு உருளை மெஷின் ஒன்று வாங்கினேன். யாரோ மேலெல்லாம் சில்வர் பெயின்ட் அடித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக 230 வோல்ட்டில் போட்டேன். ஒரு அலறல். மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டரைச் சுற்றி நீல நெருப்பு வளையம் ஓடியது. ஏழெட்டு விநாடிதான், அதற்குள் வார்னிஷ் கருகும் வாசனை கூடம் முழுக்கப் பரவிவிட்டது. அப்புறம் பெயின்ட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தால் பிளேட்டில் 110 வோல்ட். அமெரிக்க மெஷின். மோட்டாரின் சுற்றும் பகுதியான ஆர்மேச்சரைத் திரும்பக் கட்டிவிட்டேன், அது என் தொழில். ஆனால் அந்த நாள் ஆட்கள் கையால் சுற்றிய காயிலை வெட்டி எடுத்துக் குப்பையில் போட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

ஆகவே முதலில் வோல்ட்டைப் படியுங்கள். 110 என்றால், 230-ஐ 110 ஆகக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் தொடாதீர்கள். ஒயரை மடக்கிப் பாருங்கள். பழைய நூல் பின்னல் ஒயருக்குள் இருக்கும் ரப்பர் பிஸ்கட் மாதிரி உதிரும், அதை மாற்றியே ஆக வேண்டும். ஒயரில் இரண்டு இழைதான் இருந்து உடம்பு இரும்பாக இருந்தால் எர்த் கிடையாது என்று அர்த்தம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய இங்கிலாந்து மெஷின்கள் பலவற்றைப் பல்ப் ஹோல்டரில் மாட்டித்தான் ஓட்டினார்கள், அங்கே எர்த்துக்கு வழியே இல்லை.

நம் கடற்காற்றில் வருடக்கணக்கில் கிடந்த காயில் ஈரம் குடித்திருக்கும். மோட்டாரைக் கழற்றி, அட்டைப்பெட்டிக்குள் ஒரு 60 வாட் குண்டு பல்ப் பக்கத்தில், உரசாமல் தள்ளி, ஒரு பகல் வையுங்கள். ஆள் கூடவே இருக்க வேண்டும். பிறகு தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 100 வாட் சீரிஸ் லாம்ப் போட்டு, அதாவது மோட்டாருக்குப் போகும் கரண்ட் ஒரு குண்டு பல்ப் வழியாகப் போகும்படி இணைத்து, பார்க்கச் சொல்லுங்கள். பல்ப் மங்கலாக எரிந்து மோட்டார் சோம்பலாகச் சுற்றினால் நல்ல சேதி. பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட். எலெக்ட்ரீஷியன் ஒரு முனையை மெஷினின் இரும்பு உடம்பில் வைத்துப் பார்க்கும்போது பல்ப் துளிகூட எரியக் கூடாது.

கேள்வி: வாக்குவம் கிளீனரைக் கண்டுபிடித்தது ஹூவர்தானே? நின்றுகொண்டு தள்ளும் மெஷினுக்கும் உருளைக்கும் உள்ளே என்ன வித்தியாசம்? — வாசகர், அண்ணா நகர்

ஹூவர் தோல் பொருள் செய்துகொண்டிருந்தவர். அவர் பெயரில் விற்ற மெஷினைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்ளர். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக் கான்டன் ஊரில் ஒரு கடையைப் பெருக்கும் வேலையில் இருந்தார். ஆஸ்துமாக்காரர். தூசியைத் தாங்க முடியாமல், விசிறி மோட்டாரோடு துடைப்பக் கம்பையும் தலையணை உறையையும் சேர்த்து ஒரு மெஷின் செய்தார். 1908-ல் பேடன்ட் வாங்கினார், ஹூவர் அதை விலைக்கு வாங்கினார். அவருக்கு முன்பே, 1901-ல், லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் உறிஞ்சும் மெஷினுக்குப் பேடன்ட் வாங்கிவிட்டார். அது வீட்டுக்குள் நுழையாத அளவு பெரிது. குதிரை வண்டியில் தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் குழாய் விடுவார்கள். மூச்சுத் திணறிய ஒரு கூலிக்காரர் செய்தது என்பதால் ஸ்பேங்ளர் மெஷின்மேல் எனக்குத் தனி மரியாதை.

வித்தியாசம் இதுதான். உருளையில் காற்று முதலில் பைக்குள் போய், தூசியை விட்டுவிட்டு, அப்புறம் விசிறிக்கு வரும். நின்று தள்ளும் பழைய ஹூவரில் நேர்மாறு. தூசி, முடி, ஆணி எல்லாம் விசிறி வழியாகவே பாய்ந்து பைக்குப் போகும். அதனால் பழைய ஹூவர் வாங்கினால் அடித்தட்டைக் கழற்றி விசிறி இதழ்களை விரலால் தடவிப் பாருங்கள். கீழ்ப்பாக்கத்தில் பிளாட் கட்ட இடித்த ஒரு வீட்டிலிருந்து எனக்கு ஒரு ஹூவர் ஜூனியர் வந்தது. விசிறியில் இரண்டு இதழ் நுனி பிய்ந்திருந்தது. மெஷினுக்குள் விசிறி சுற்றும் அறையின் மூலையில் கெட்டியான தூசிக்குள் ஏதோ உறுத்தியது. ஊக்கால் நெம்பி எடுத்தேன். வட்டமான 1 நயா பைசா, 1961. விளிம்பெல்லாம் அடிபட்டுப் பல் பல்லாக இருந்தது. பெரிவேலில் செய்த மெஷின் 1961-லோ அதற்குப் பிறகோ நம் நாட்டில் ஓடியிருக்கிறது என்று அந்தக் காசு சொல்லிவிட்டது. அதை ஒரு சின்னக் கவரில் போட்டு மெஷினின் கைப்பிடியிலேயே கட்டி வைத்திருக்கிறேன். எந்தப் பழைய மெஷினானாலும் பையை உதறிக் கொட்டாதீர்கள். முகத்துக்கு மாஸ்க் போட்டு, செய்தித்தாள் விரித்து, பொறுமையாகக் கொட்டிப் பாருங்கள்.

கேள்வி: பந்து மாதிரி உருண்டையாக ஒரு மெஷின் பார்த்தேன். அது என்ன? — வாசகி, அடையாறு

ஹூவர் கான்ஸ்டலேஷன். 1950களில் வந்தது. வெளியே வரும் காற்றின் மேலேயே மிதக்கும்படி செய்த மாடலும் உண்டு. நம் மொசைக் தரைக்கென்றே செய்தது போல, ஒரு விரலால் தள்ளினாலே நகரும். விற்க மனம் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா 1980களில் வாங்கிய யூரோகிளீன் இருக்கிறது. இதெல்லாம் சேகரிப்பில் சேருமா? விலை போகுமா? — வாசகர், மேற்கு மாம்பலம்

கண்டிப்பாகச் சேரும். பெரிய பணம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் நம் வீடுகளின் கதையில் இதற்கு லூட்டன் மெஷினைவிடப் பெரிய இடம் உண்டு. ரெட் ஆக்சைடு தரையும் தென்னந்துடைப்பமும் இருக்கிற வீட்டில், கார்ப்பெட்டே இல்லாதபோது வாக்குவம் கிளீனர் எதற்கு என்றுதான் நம்மவர்கள் கேட்டார்கள். யூரோகிளீன் கம்பெனியான யுரேகா ஃபோர்ப்ஸ் 1982-ல் தொடங்கி, வீடு வீடாக ஆள் அனுப்பி, பெட்ஷீட்டுக்கு அடியில் இருந்த தூசியை எடுத்துக் காட்டித்தான் விற்றது. டை கட்டிய அந்த இளைஞர்கள் வெயிலில் படியேறி வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பில், கேரண்டி கார்டு, அட்டைப்பெட்டி எது இருந்தாலும் மெஷினோடு சேர்த்தே வையுங்கள். ஹோஸ் பைப்பை மடக்கி வைக்காதீர்கள், விரிசல் விடும். வட்டமாகச் சுற்றி ஆணியில் மாட்டுங்கள். அப்பாவிடம் எந்த மாதம் வாங்கினார், என்ன விலை கொடுத்தார் என்று இன்றைக்கே கேட்டு, ஒரு சீட்டில் எழுதி டஸ்ட் பேக் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள்.