டொமைன் பெயர்: வாங்கிப் போட்டால் விலை ஏறுமா?

கேள்வி: டொமைன் பெயர்களை, அதாவது இணையதள முகவரிப் பெயர்களை, வாங்கிப் போட்டால் மனை மாதிரி விலை ஏறும் என்று நண்பர் சொன்னார். நம்பி 15 பெயர்கள் வாங்கினேன். இரண்டு வருஷம் ஆகிறது, ஒருவர்கூட விலை கேட்டு வரவில்லை. வைத்திருக்கலாமா, விட்டுவிடலாமா?

பதில்: மனைக்குப் பத்திரம் உண்டு, டொமைனுக்குக் கிடையாது. நீங்கள் செய்திருப்பது பதிவு மட்டும்தான். டாட் காம் பெயரை அதிகபட்சம் 10 வருஷத்துக்குப் பதியலாம், அதற்கு மேல் முடியாது. பணம் கட்டும் வரை பெயர் உங்களிடம் இருக்கும். கட்டத் தவறினால் கைவிட்டுப் போய்விடும்.

சும்மா கிடக்கும் பெயருக்கும் வருஷா வருஷம் தண்டம் அழ வேண்டும் என்பதை உங்கள் நண்பர் சொல்லியிருக்க மாட்டார். டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், நமக்குப் பெயரைப் பதிந்து தரும் பதிவு நிறுவனங்களிடம் வாங்கும் மொத்த விலையே 2024 செப்டம்பரில் 10.26 டாலராக உயர்ந்தது. நம் கைக்கு வரும்போது இன்னும் கூடும். பெயருக்கு 12 டாலர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 15 பெயருக்கு வருஷம் 180 டாலர், பத்து வருஷத்தில் 1,800 டாலர். அதில் ஒன்றாவது நல்ல விலைக்குப் போனால்தான் போட்ட முதலே திரும்பும்.

பெரிய விற்பனைகள் நடக்கத்தான் செய்கின்றன. வாய்ஸ் டாட் காம் 2019-ல் 3 கோடி டாலருக்குக் கைமாறியது. சாட் டாட் காம் 2023-ல் 1.55 கோடி டாலருக்கு விற்றது. ஆனால் இரண்டும் எப்படிப்பட்ட பெயர்கள் என்று பாருங்கள்: உலகம் முழுக்கத் தெரிந்த ஒற்றை ஆங்கிலச் சொற்கள். அந்த மாதிரிச் சொற்களை 1990-களிலேயே பதிந்து முடித்துவிட்டார்கள். 1995 வரை பதிவுக்குக் கட்டணமே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று பதிவுக் கட்டணத்துக்கே கிடைக்கிற பெயர் என்றால், இத்தனை வருஷமாக யாருக்கும் வேண்டாத பெயர் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

உங்கள் 15 பெயர்களையும் ஒவ்வொன்றாகப் போனில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "எஸ்ஸா, இசட்டா?", "நடுவில் கோடு உண்டா?" என்று அவர் திருப்பிக் கேட்டால் அந்தப் பெயரை விட்டுவிடலாம். மிஞ்சுவதில், நீங்களே தொழில் செய்யவோ எழுதவோ பயன்படுத்தப் போகிற ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளுங்கள். பிரபல நிறுவனத்தின் பெயரை ஒட்டி ஏதாவது வாங்கியிருந்தால் அதை முதலில் கைகழுவுங்கள். யு.டி.ஆர்.பி. என்ற தகராறு தீர்வு முறை 1999 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் கெட்ட நோக்கத்தோடு பதிந்தீர்கள் என்று நிரூபித்தால், உங்களுக்கு ஒரு காசு கொடுக்காமல் அந்த நிறுவனம் பெயரை வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: நான் நடத்திய சிறு தொழிலை மூடிவிட்டேன். எட்டு வருஷமாக வைத்திருந்த டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டால் ஏதாவது தொல்லை வருமா?

பதில்: வரும். இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியதே நல்லது, பலர் கேட்பதே இல்லை.

இணையதளம் மூடியதோடு கதை முடிந்தது என்று நினைக்கிறோம். அந்தப் பெயரில் உங்களுக்கு ஒரு மெயில் முகவரி இருந்திருக்குமே? அதை எங்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். வங்கி, வரிக் கணக்கு, சமூக வலைத்தளக் கணக்குகள், சரக்கு கொடுத்தவர்கள், பழைய வாடிக்கையாளர்கள். நீங்கள் விட்ட பெயரை நாளை வேறொருவர் சாதாரண விலைக்குப் பதியலாம். பதிந்ததும், அந்தப் பெயருக்கு வருகிற எல்லா மெயிலும் ஒரே பெட்டியில் விழும்படி அவர் வைத்துக்கொள்ள முடியும். அப்புறம் உங்கள் பழைய கணக்கு ஒன்றில் போய் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தினால் போதும், மீட்பு இணைப்பு நேராக அவர் கைக்குப் போகும். இதில் திருட்டு வேலை, தொழில்நுட்பச் சாமர்த்தியம் என்று எதுவும் தேவையில்லை. பெயர் சட்டப்படி அவருடையது.

இன்னொரு தொல்லையும் உண்டு. எட்டு வருஷமாகப் பிற தளங்கள் உங்கள் தளத்துக்குக் கொடுத்த இணைப்புகள் அப்படியே இருக்கும். அந்த இணைப்புகளுக்காகவே காலாவதியான பெயர்களைப் பிடித்து, சூதாட்டத் தளமோ போலிக் கடையோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களை நம்பி வந்தவர் அங்கே போய் நிற்பார்.

எனவே இப்போதைக்கு விடாதீர்கள். முதல் வேலையாக, எல்லாக் கணக்குகளிலும் மெயில் முகவரியை மாற்றுங்கள். அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு அந்தப் பெயருக்கு வரும் எல்லா மெயிலையும் வேறு பெட்டிக்குத் திருப்பி விட்டு, எது இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று கவனியுங்கள். மறந்துபோன கணக்குகள் அப்போதுதான் தலைகாட்டும். இரண்டு மூன்று வருஷம் எதுவுமே வராமல் ஓய்ந்தால் பிறகு யோசிக்கலாம். என்னைக் கேட்டால், சொந்தப் பெயரையோ குடும்பப் பெயரையோ ஒட்டிய டொமைனை விடவே வேண்டாம் என்பேன். வருஷத்துக்கு 12 டாலர் என்பது இந்தப் பாதுகாப்புக்கு மலிவு.

உங்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. சொந்த டொமைனில் மெயில் வைத்திருந்தால், மெயில் சேவை கொடுக்கும் நிறுவனத்தை எத்தனை தடவை மாற்றினாலும் முகவரி மாறாது. விற்று வரும் பணத்தைவிட இதுதான் பெரிய பெறுமானம் என்பது என் கட்சி.

கேள்வி: முதல் வருஷம் ஒரு டாலர் என்று விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?

பதில்: இரண்டாம் வருஷ விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டாட் காம் போலப் பெயரின் கடைசியில் வரும் பகுதியை விகுதி என்போம். 2013-க்குப் பிறகு வந்த புதிய விகுதிகளில் பலவற்றுக்கு முதல் வருஷம் சல்லிசு, புதுப்பிக்கும்போது 30, 40 டாலர் கேட்பதும் நடக்கும். விலைக்கு உச்சவரம்பு இவற்றுக்குக் கிடையாது. ஏற்றுவதற்கு ஆறு மாதம் முன்னதாகப் பதிவு நிறுவனங்களுக்குச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டெழுத்து விகுதி என்றால் அது ஏதோ ஒரு நாட்டுக்கோ பிரதேசத்துக்கோ உரியது என்பதையும் மறக்காதீர்கள். டாட் ஏஐ அங்குவிலா தீவினுடையது. யூகோஸ்லாவியா கலைந்த பிறகு அதன் டாட் ஒய்யூ விகுதி 2010-ல் அடியோடு நீக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகியபோது, அங்கே டாட் ஈயூ பெயர் வைத்திருந்த பலர் தகுதியை இழந்தார்கள். இருபது வருஷத்துக்கு என்று யோசிக்கிறவர் இதையும் யோசிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவரே டொமைனையும் வாங்கினார். அது யார் பெயரில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பொதுத் தேடலில் பெரும்பாலும் தெரியாது. ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்த 2018-லிருந்து பெயரைப் பதிந்தவரின் விவரங்களைப் பெரும்பாலும் மறைத்தே காட்டுகிறார்கள். ஆகவே இப்படிப் பாருங்கள்: பதிவு நிறுவனத்துக் கணக்கின் லாகின் உங்களிடம் இருக்கிறதா? புதுப்பிப்பு நினைவூட்டல் மெயில் உங்களுக்கு வருகிறதா? இரண்டும் இல்லை என்றால், பணம் நீங்கள் கொடுத்திருந்தாலும் பெயர் அவர் பேரில் பதிவாகியிருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் விதிப்படி அது அவருடையது.

உறவு நன்றாக இருக்கும்போதே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அதே பதிவு நிறுவனத்தில் நீங்களும் ஒரு கணக்கு திறந்தால் அதற்குள் மாற்றிவிடுவது பொதுவாகச் சுலபம். வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால், பெயரை மாற்றவிடாமல் தடுக்கும் பூட்டை அவர் நீக்கி, மாற்றத்துக்கான அங்கீகாரக் குறியீட்டை வாங்கித் தர வேண்டும். புதிதாகப் பதிந்த பெயர் என்றால் 60 நாள் வரை அப்படி மாற்ற விடமாட்டார்கள். புதிய வேலை ஏதாவது கொடுக்கிறீர்களா? கடைசித் தவணையை டொமைன் உங்கள் கணக்குக்கு வந்த பிறகு கொடுங்கள்.

கேள்வி: என் டொமைனை 20,000 டாலருக்கு வாங்கிக்கொள்வதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு முன் ஒரு மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கச் சொல்கிறார்.

பதில்: வாங்காதீர்கள். சான்றிதழுக்கு அவர் காட்டும் தளம் பெரும்பாலும் அவருடையதாகவே இருக்கும். சான்றிதழுக்கு நீங்கள் பணம் கட்டியதும் ஆள் காணாமல் போய்விடுவார். உண்மையாக வாங்க வருகிறவர் விலை பேசுவார், பணத்தை இடையில் வைத்திருக்கும் எஸ்க்ரோ சேவை வழியாகக் கொடுப்பார். அந்தச் சேவையையும் அவர் அனுப்பும் இணைப்பில் போய்த் திறக்காமல் நீங்களே தேடிப் பிடியுங்கள். சரி, விலை உண்மையாகவே வந்தால்? பேசிப் பாருங்கள், தப்பில்லை.

கேள்வி: டொமைன் காலாவதியாகி 20 நாள் ஆகிவிட்டது. போனது போனதுதானா?

பதில்: டாட் காம் போன்ற பொது விகுதி என்றால் இன்றைக்கே கணக்கைத் திறந்து பாருங்கள். காலாவதிக்குப் பின் 45 நாள் வரை பதிவு நிறுவனம் அவகாசம் கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதற்குள் ஏலம் விடுகிறவர்களும் உண்டு. பெயரை நீக்கிவிட்டாலும் 30 நாள் மீட்புக் காலம் இருக்கிறது, அதற்குக் கட்டணம் பல மடங்கு. அப்புறம் ஐந்து நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும், அந்த ஐந்து நாளில் யாராலும் மீட்க முடியாது.

மறதி பெரியவர்களுக்கும் வரும். மைக்ரோசாஃப்ட் 1999 கடைசியில் பாஸ்போர்ட் டாட் காமைப் புதுப்பிக்கத் தவறி, அதன் வழியே நுழைய வேண்டிய ஹாட்மெயில் என்ற அதன் மெயில் சேவையில் பலரால் நுழைய முடியாமல் போனது. சம்பந்தமில்லாத ஒரு புரோகிராமர் தன் கார்டில் 35 டாலர் கட்டித்தான் அது சரியானது.

டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் விதிப்படி, காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் நினைவூட்டல் அனுப்பியாக வேண்டும். முக்கியமான பெயரை ஐந்து, பத்து வருஷத்துக்குச் சேர்த்தே கட்டிவிடுங்கள், விலை ஏறினாலும் அதுவரை பாதிக்காது. தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் போட்டு வையுங்கள். கார்டு மாறினால் அங்கேயும் மாற்ற வேண்டும், பலருக்குப் பெயர் போவது இந்த இடத்தில்தான். நினைவூட்டல் வர வேண்டிய மெயில் முகவரியாக அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுத்து வைக்காதீர்கள். டொமைன் நின்றால் அந்த மெயிலும் நின்றுவிடும், பதிவு நிறுவனத்திலிருந்து வரும் கடிதம் எதுவும் உங்களுக்குக் கிடைக்காது.