காலால் மிதித்தால் கிளம்பும் வண்டி: வாசகர் கேள்வி பதில்

கோவை பீளமேட்டில் பிறந்து, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டை மேக்கராக (இரும்புத் தகட்டை அழுத்தி உருக்கொடுக்கும் அச்சுகளைச் செய்பவராக) வேலை பார்த்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர், 1951-ஆம் ஆண்டின் செவர்லே பிக்கப்பைத் தன் கையாலேயே புதுப்பித்து ஓட்டிவருகிறார். பழைய அமெரிக்க வண்டிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் அவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: எத்தனையோ புதிய கார்கள் இருக்க, எழுபது வயது தாண்டிய பிக்கப்பை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? அது எப்படி உங்கள் கைக்கு வந்தது? (வாசகர், ஈரோடு)

பதில்: அழவில்லை ஐயா, அதனோடு மிகச் சந்தோஷமாக இருக்கிறேன்.

1993 நவம்பர். மிச்சிகனில் சாகினா பக்கம், சர்க்கரை எடுக்கிற பீட்ரூட் விளைகிற சமவெளி. என்னுடன் வேலை பார்த்த நண்பரின் மாமனார் பண்ணையை விற்றுவிட்டு ஊருக்குள் குடியேறப் போகிறார், கொட்டகையில் ஒரு பழைய டிரக் நிற்கிறது, வந்து பார் என்று நண்பர் கூப்பிட்டார். வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்றது. அடர்பச்சை நிறம். முகத்தில் ஐந்து கிடைக்கம்பிகள், உருண்டு திரண்ட மட்கார்டுகள், ஓட்டுநர் அறையின் பின்மூலை இரண்டிலும் வளைந்த சின்னக் கண்ணாடிகள். அந்த மூலைக் கண்ணாடிகளைப் பார்த்ததுமே மனம் போய்விட்டது. மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு இவ்வளவு அழகு செய்து அனுப்பியிருக்கிறார்களே என்று நின்றுவிட்டேன்.

பெரியவர் அதை 1951-இல் புதிதாக வாங்கி, 42 ஆண்டுகள் தான் ஒருவரே ஓட்டியிருந்தார். இடது கதவின் மேல்விளிம்பில் ஓரடி நீளத்துக்குப் பெயிண்டே இல்லை. இரும்பு வெள்ளிபோல் மினுமினுத்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு முழங்கையை ஊன்றி ஊன்றி அவர் தேய்த்த இடம் அது. கிளட்ச் பெடலின் ரப்பர் போய், அடியிலிருந்த இரும்பும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது. தேய்மானத்தைப் பார்த்துக் காரணம் சொல்வதுதான் என் தொழில். எந்த இரும்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால், கையாண்டவரின் பழக்கம் தெரிந்துவிடும். அவரிடம் பேசுவதற்கு முன்பே அவரை எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

இந்த வண்டி சாவியைத் திருப்பினால் கிளம்பாது. ஆக்சிலரேட்டரை ஒட்டித் தரையில் ஒரு சின்னப் பெடல் இருக்கிறது; அதுதான் செல்ஃப். பெரியவர் ஆறு வோல்ட் பாட்டரி ஒன்றைக் கொண்டுவந்து பூட்டினார். சோக் குமிழை இழுத்தார், ஆக்சிலரேட்டரை இரண்டு முறை அமுக்கினார், பிறகு அந்தப் பெடலை மிதித்தார். இன்ஜின் முனகி முனகி மூன்று சுற்றுச் சுற்றியது. நான்காவது சுற்றில் பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தூசியும் பெட்ரோல் வாசமும் கலந்து வந்த அந்த நிமிடம் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. நான் விலை பேரம் பேசவில்லை. அவர் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்: "இதை அறுத்து வேறு இன்ஜின் வைத்துவிடாதே." வைக்க மாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தேன். பின்னால் வண்டி முழுவதையும் பிரித்துப் பெயிண்ட் அடித்தபோது, அந்த ஓரடி இரும்பை மட்டும் அப்படியே விட்டு, துரு பிடிக்காமலிருக்க நிறமற்ற வார்னிஷ் பூசினேன்.

கேள்வி: என் தாத்தா எந்தக் காரைப் பார்த்தாலும் 'பிளஷர்' என்பார். அமெரிக்கக் கார்கள் நம் ஊரிலும் ஓடினவா? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: நன்றாகவே ஓடின. போர்டு நிறுவனம் 1926-இல் இந்தியாவுக்கு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டித் தரத் தொடங்கியது. சுதந்திரத்தை ஒட்டி, பம்பாய் குர்லாவில் பிரீமியர் நிறுவனம் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனத்துடன் சேர்ந்து டாட்ஜ், டிசோட்டோ, பிளிமத் கார்களையும் பார்கோ லாரிகளையும் செய்தது. சுமை வண்டியிலிருந்து பிரித்துச் சொல்ல, ஆள் மட்டும் போகிற காருக்குப் 'பிளஷர் கார்' என்று பெயர். தாத்தா சரியான சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார்.

என் அப்பா பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தார். பார்கோ லாரியின் கிங் பின் புஷ் (முன்சக்கரம் திரும்புகிற அச்சாணிக்கு மாட்டும் உலோக வளையம்) கடைந்து தருவதில் அவருக்கு நல்ல பெயர். பார்கோ, டாட்ஜ், டிசோட்டோ என்று மூன்று பெயர்ப்பலகைகளோடு லாரிகள் வந்து நிற்கும். அப்பாவோ மூன்றுக்கும் ஒரே அளவில் புஷ் கடைவார். எல்லாம் கிரைஸ்லர் வீட்டுப் பிள்ளைகள், பெயர்தான் வேறு என்பது அமெரிக்கா வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அப்பாவின் கைக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

கேள்வி: போர்டு 'மாடல் டி' கறுப்பு நிறத்தில் மட்டும்தான் வந்ததாமே? நீங்கள் அதை ஓட்டியிருக்கிறீர்களா? (மாணவர், நாகர்கோவில்)

பதில்: 1908-இல் வெளிவந்தபோது சிவப்பு, பச்சை, சாம்பல் நிறங்களில் கிடைத்தது. 1914 முதல் 1925 வரைதான் கறுப்பு மட்டும். அந்தக் கறுப்புப் பூச்சு விலை மலிவு, நன்றாக உழைக்கும். 1913-இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் அசெம்பிளி வரிசையைக் கொண்டுவந்தார்கள்; வண்டி நகர்ந்து வரும், ஆட்கள் நின்ற இடத்திலேயே பாகங்களைப் பூட்டுவார்கள். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சாசி (வண்டியின் அடிச்சட்டம்) வேலை 93 நிமிடத்துக்கு வந்தது. தொடக்கத்தில் 850 டாலர் விற்ற கார் 1925-இல் 260 டாலருக்கு இறங்கியது. 1927-இல் நிறுத்தும்போது ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளியே போயிருந்தன.

டியர்பார்ன் நகரில் ஹென்றி போர்டு அருங்காட்சியகத்தை ஒட்டிய கிரீன்ஃபீல்டு கிராமத்தில் இன்றும் மாடல் டியில் ஏறிச் சவாரி போகலாம். நான் ஓட்டியது ஒரு நண்பரின் வண்டியை. இன்று கார் ஓட்டத் தெரிந்தவருக்கு இது மிகவும் கடினம், காரே தெரியாதவருக்கு எளிது. மூன்று பெடல்கள் இருக்கின்றன. ஒன்றும் நாம் நினைப்பதல்ல. இடது பெடலை முழுக்க அமுக்கினால் முதல் கியர், பாதியில் நிறுத்தினால் நியூட்ரல், விட்டால் மேல் கியர். நடுவில் உள்ளது ரிவர்ஸ். வலது ஓரம் பிரேக். ஆக்சிலரேட்டர் காலுக்கு இல்லை. ஸ்டீயரிங்குக்கு அடியில் விரலால் தள்ளுகிற சின்னக் கம்பி. இன்ஜினைக் கிளப்ப முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும். வளைத்துப் பிடித்தால், இன்ஜின் திருப்பி உதைக்கிறபோது விரல் போய்விடும். நண்பர் இதை என்னிடம் நான்கு முறை சொன்னார்.

இன்னொன்று. டேங்க் சீட்டுக்கு அடியில். பெட்ரோல் தானாக வழிந்துதான் இன்ஜினுக்குப் போக வேண்டும். செங்குத்தான மேட்டில் டேங்க் தாழ்ந்துவிட்டால் பெட்ரோல் ஏறாது. அதனால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸிலேயே மேடு ஏற்றுவார்கள்.

கேள்வி: ஐம்பதுகளின் அமெரிக்கக் கார்களுக்கு மீன் துடுப்புப் போல வால் எதற்கு? (வாசகி, சென்னை)

பதில்: ஓட்டத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பறந்த பி-38 விமானத்தின் இரட்டை வாலைப் பார்த்து ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்பாளர்கள் மயங்கிப்போனார்கள். அந்த நிறுவனத்தின் 1948 காடிலாக் காரில் அது சின்ன முளையாக எட்டிப் பார்த்தது. 1959 காடிலாக்கில் உச்சிக்குப் போனது. ஏறக்குறைய 19 அடி நீளக் கார், ஒவ்வொரு வாலிலும் தோட்டா வடிவத்தில் இரண்டு சிவப்பு விளக்குகள். எனக்கு அது மிகை. 1957 செவர்லே பெல் ஏர்தான் என் கண்ணுக்கு அளவானது. அதில் பெட்ரோல் மூடியைத் தேடிப் பார்த்தால் கிடைக்காது. இடது வாலின் பின்விளிம்பில் உள்ள குரோமியப் பட்டையைத் திறந்தால் உள்ளே ஒளிந்திருக்கும்.

கேள்வி: பழுதானால் யார் பார்ப்பது? உதிரி பாகம் கிடைக்கிறதா? (வாசகர், மதுரை)

பதில்: பாகம் கிடைக்கிறது, இந்த வண்டிகளுக்கென்றே புதிதாக வார்த்தும் அடித்தும் தருகிறார்கள். பார்ப்பது நான்தான். இந்த வண்டியின் மேல் எனக்குள்ள பிரியத்துக்கு வேரே அங்கேதான் இருக்கிறது. பானெட்டைத் திறந்தால் இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்று வேலை செய்கிற அளவுக்கு இடம். எது எதைத் திருப்புகிறது என்பதைக் கண்ணாலேயே தொடர்ந்து போகலாம். 216 கன அங்குல, ஆறு சிலிண்டர் இன்ஜின். சுமார் 90 குதிரைத் திறன். அதன் மூடிகளில் உள்ள போல்ட்டுகள் விறகடுப்பில் பூட்டுகிற போல்ட்டுகளைப் போலிருந்ததால் 'ஸ்டவ்போல்ட்' என்று மக்கள் செல்லப்பெயர் வைத்தார்கள்.

ஒரு முறை நானே அதைப் படுத்திவிட்டேன். 1998 கோடையில் அதிவேகச் சாலையில் அரை மணி நேரம் 60 மைல் வேகத்தில் விரட்டினேன். 45, 50 மைலுக்குப் பிறந்த வண்டி அது. பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கிற கனெக்டிங் ராடு ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்னக் கரண்டி உண்டு. ஆயிலை மொண்டு மொண்டுதான் பேரிங் குளிக்கிறது. வேகம் கூடினால் பேரிங் தாங்காது. வீட்டுக்குத் திரும்பும்போது அடியில் 'டொக் டொக்' என்று தட்டல். ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றினேன். நான்காவதைக் கழற்றியதும் தட்டல் அடங்கியது. அந்த ராடுதான்.

ஆயில் பேனை இறக்கி அடியில் படுத்தேன். ராடு மூடியின் இரண்டு காதுகளிலும் பித்தளைத் தகடுகள் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு கனம். தலைமுடியை விட மெல்லியது. பக்கத்துக்கு ஒரு தகட்டை உருவிவிட்டு மூடியைப் பூட்டி, கையால் ராடை ஆட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் லேசாக நகர்ந்தது, மேலும் கீழும் அசைவில்லை. செலவு ஒரு கேஸ்கெட்டும் ஆயிலும்தான். தேய்ந்தால் ஓட்டுகிறவனே இறுக்கிக்கொள்ளட்டும் என்று வண்டியைச் செய்தவர் முன்கூட்டியே தகடு அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடியில் படுத்துக்கொண்டே, முகம் தெரியாத அந்த மனிதருக்கு நன்றி சொன்னேன்.

கேள்வி: பாதுகாப்பு எப்படி? (வாசகர், திருச்சி)

பதில்: குறைவுதான், மறைக்க மாட்டேன். பிரேக்குக்கு ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், ஓட்டுநர் அறைக்குள்ளேயே இருக்கிறது. சீட் பெல்ட் நானாகப் போட்டது. வைப்பர் இன்ஜினின் உறிஞ்சலில் ஓடுகிறது, மேடேறும்போது நின்றுவிடும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்பதால் ஹோஸ்களையும் பம்ப் டயாபிரமையும் மாற்றினேன். குளிர்காலத்தில் சாலைக்கு உப்புப் போடுவார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வண்டி ஷெட்டை விட்டு வெளியே வராது.

கேள்வி: பழைய வண்டிக்காரர்கள் ஒன்றுகூடும் விழாக்கள் உண்டா? (வாசகி, சேலம்)

பதில்: ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவுக்கு வாருங்கள். 'உட்வர்ட் டிரீம் குரூஸ்' என்ற பழைய வண்டிகளின் ஊர்வலம் 1995 முதல் நடக்கிறது. 1909-இல் ஒரு மைல் நீளத்துக்குக் கான்கிரீட் போட்ட புகழ்பெற்ற சாலை அது. ஓரமெங்கும் மடக்கு நாற்காலி போட்டுக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள்.

அங்கே ஒரு வருடம், எண்பது வயதிருக்கும், சக்கர நாற்காலியில் ஒரு பெரியவரைப் பேத்தி தள்ளிக்கொண்டு வந்தாள். எல்லோரும் இன்ஜினைக் காட்டச் சொல்வார்கள். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு முறை" என்றார். பிறகு கதவு இடுக்கில் சுட்டுவிரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழ்வரை இழுத்துவந்தார். அசெம்பிளி வரிசையில் கதவு பொருத்துவதே அவர் வேலையாக இருந்ததாம். "மேல் கீலில் உள்ள பின் (ஊசி) தேய்ந்திருக்கிறது" என்றார். வீட்டுக்கு வந்து பின்னை உருவி மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இத்தனை வருடம் அளவு பார்த்தே பிழைத்த என் கண்ணுக்குப் படாதது அவர் காதுக்குப் பட்டிருக்கிறது.

கேள்வி: தாத்தாவின் பிளிமத் கார் பல ஆண்டுகளாக எங்கள் ஷெட்டில் கிடக்கிறது. மெக்கானிக் டீசல் இன்ஜின் மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? (வாசகர், கரூர்)

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. முதலில் பாட்டரி பூட்டிச் செல்ஃப் அடித்துவிடக் கூடாது. பிஸ்டன் துருவேறி இறுகியிருந்தால் உடைந்துபோகும். ஆறு பிளக்குகளையும் கழற்றி ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு வாரம் விடுங்கள். பிறகு கையால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் பாதி வேலை முடிந்தது. டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள், பிரேக் ரப்பர்கள் அனைத்தையும் மாற்றுங்கள், கார்புரேட்டரைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஓடாவிட்டால் மட்டும் இன்ஜின் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

வலது கதவின் மேல்விளிம்பையும் ஒரு முறை பாருங்கள். தாத்தாவின் முழங்கை பட்டுப் பெயிண்ட் போன இடம் இருந்தால், அதைத் தொட வேண்டாம் என்று பெயிண்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.